ஆறாம் ஸ்தலத்தில் என் முகம்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில், ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், இயேசு வேஷத்தில் பெங்களூர் விவேக் நகர்த் தெருக்களில் நான் சிலுவை சுமந்து போனபோது ஜனங்கள் எல்லோரும் தங்கள் பாவங்களை நினைத்துக் கண்கலங்கினார்கள். நான் மட்டும் என் மூக்கு நுனியில் இருந்த பருவை நினைத்துக் கண்கலங்கினேன்.

அந்த வயதில் எல்லோருக்கும் பரு வரும்தான். ஆனால் மற்ற பையன்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து, விருந்தாளி மாதிரி நாலு நாள் இருந்துவிட்டுப் போகும். எனக்கு வந்தவை பக்கத்து நீலசந்திராவில் வீடு கட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. ஒன்றோடொன்று சுவர் முட்டிக்கொண்டு, இடமில்லாத இடத்தில் மாடி மேல் மாடியாக எழும்பி, நெற்றி நிறைந்ததும் கன்னத்துக்கு இறங்கி, கன்னம் நிறைந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டன. (காலி மனை என்று என் முகத்தில் மிச்சம் இருந்தது காதுமடல் மட்டும்தான்.)

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். எங்கள் இரண்டு தெருவையும் சேர்த்து முப்பது குடும்பங்கள் ஓர் அன்பியம். சேர்ந்து ஜெபமாலை சொல்வது, சண்டை போடுவது, கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுவது எல்லாம் அன்பியமாகத்தான். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையை நாங்கள் நடித்தே காட்டுவோம். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பதினான்கு ஸ்தலங்களும் தெரு மூலைக்கு ஒன்றாக இருக்கும். பிலாத்து தீர்ப்புச் சொல்வது மாவு மில் வாசலில், முதல் தடவை விழுவது சைக்கிள் கடை முன்னால், இப்படியே போய் மைதானத்தில் சிலுவையில் அறைவார்கள்.

இந்த நாடகத்தில் என் முன்னேற்றம் மெதுவானது. முதல் வருஷம் கூட்டத்தில் நின்று கத்தினேன். இரண்டாம் வருஷம் இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலிக்கும்போது சுவருக்குப் பின்னாலிருந்து சேவல் மாதிரி கூவினேன். நன்றாகவே கூவினேன், அதனால் மூன்றாம் வருஷமும் கூவினேன். நாலாம் வருஷம் ஏணி பிடித்தேன். ஐந்தாம் வருஷம், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் சாயங்காலம், நாடகத்தை நடத்தும் லூர்து அங்கிள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சட்டையைக் கழட்டு" என்றார். கழற்றினேன்.

"விலா எலும்பை எண்ணலாம். கரெக்டா இருக்கான். இந்த வருஷம் நம்ம ஜெரிதான் இயேசு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை! ஏணியிலிருந்து நேரே சிலுவைக்குப் பதவி உயர்வு! அம்மா அன்றைக்கே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கோலார் தங்கவயலில் இருந்த சித்தப்பாவிலிருந்து ஆரம்பித்து, சொந்தம் என்று சொல்லிக்கொள்ளத்தக்க எல்லோருக்கும் போன் போட்டு, "ஜெரால்டு ஆண்டவரா வர்றான், கண்டிப்பா வந்துடுங்க" என்று அழைப்பு வைத்துவிட்டாள்.

மறுநாள் லூர்து அங்கிள் என்னைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்தினார். அவர் ஒரு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரு போல்ட்டில் மயிரிழை அளவு பிசிறு இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவார் என்று பெயர். என் முகத்தையும் அப்படித்தான் பார்த்தார்.

"தம்பி, காலண்டர்ல இயேசப்பா படம் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் அங்கிள்."

"பரு இருக்கா?"

"இல்ல அங்கிள்."

"அவ்ளோதான் விஷயம். தவக்காலம் பூரா உனக்கு டைம் இருக்கு. பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு உன் மூஞ்சிய செக் பண்ணுவேன். க்ளீனா இருந்தா நீ. இல்லன்னா அங்கியக் கழட்டிக் கிளமெண்ட்டுக்குக் குடுத்துடணும். சரியா?"

கிளமெண்ட் என் வயதுப் பையன். ரோமைச் சிப்பாய் வேஷம். முகம் உரித்த முட்டை மாதிரி இருக்கும். அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அங்கி தனக்கு அளவு சரியாக இருக்குமா என்று என் தோளை முழம் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து எங்கள் தெருவே என் முகத்தில் இறங்கி வேலை செய்தது. ஒருத்தர் சந்தனம் என்றார். எதிர்வீட்டு ஜெயம்மா ஆன்ட்டி கடலை மாவைத் தயிரில் குழைத்துக் கிண்ணத்தோடு கொண்டுவந்து, தானே பூசிவிட்டுத்தான் போனார். எவனோ பற்பசை என்று சொன்னதைக் கேட்டு இராத்திரி முகம் முழுக்கப் பற்பசை தடவிக்கொண்டு படுத்தேன். முகம் எரிந்தது, கண்ணில் நீர் கொட்டியது. காலையில் பருக்கள் எல்லாம் அப்படியே இருந்தன, புதினா வாசனையோடு.

பத்து நாள் பார்த்துவிட்டு அம்மா என்னைப் பிரேசர் டவுனில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கன்னடக்காரம்மா. தமிழும் பேசுவார், இடையிடையே கன்னடம் வந்து போகும்.

"முகம் எரடு சல கழுவு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ரெண்டே தடவ. தேய்க்காதே, ஒத்தி எடு. கிள்ளாதே. ராத்திரி இந்த ஜெல், ஒரு பட்டாணி அளவு, முகம் பூரா மெல்லிசா. காஞ்சு போனா மேல சாதா க்ரீம். வெயில்ல சுத்தாதே. அப்புறம் பழைய டவல் யூஸ் பண்ணு, இந்த ஜெல் பட்டா துணி கலர் போயிடும்."

"எப்ப சரியாகும் டாக்டர்?"

"எட்டு வாரம் ஆகும். ஸ்வல்ப பொறுமை பேக்கு, கொஞ்சம் பொறுமை வேணும் கண்ணா."

எட்டு வாரம்! பெரிய வெள்ளிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு கணக்குப் போட்டேன். (கணக்கில் நான் எப்போதும் முதல் மார்க். என் வாழ்க்கையில் நடந்த விபத்துகள் எல்லாம் அதனால் வந்தவைதான்.) எட்டு வாரம் என்றால் ஐம்பத்தாறு நாள். நாளுக்கு ஒரு பட்டாணி, ஆக ஐம்பத்தாறு பட்டாணி. இந்த முகத்துக்கு வேண்டியது மொத்தம் ஐம்பத்தாறு பட்டாணி ஜெல். அதையே நாளுக்கு நாலு பட்டாணியாகப் போட்டால் பதினாலே நாள்! குருத்து ஞாயிறுக்கு முன்னாலேயே முகம் பளபளவென்று ஆகிவிடும்! இவ்வளவு சுலபமான வகுத்தல் ஒரு டாக்டருக்குத் தெரியவில்லையே என்று எனக்கு அந்த அம்மா மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

முகம் கழுவுவதற்கும் அதே கணக்கு. இரண்டு தடவைக்கு ஒரு பலன் என்றால் பதினோரு தடவைக்கு? எங்கள் பக்கம் அப்போது காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். விடியற்காலையில் எழுந்து அம்மா டிரம்மில் பிடித்து வைப்பாள். மத்தியானத்துக்குள் அதில் பாதியை என் முகம் குடித்துவிடும்.

"குடிக்கற தண்ணிடா அது! அப்படி என்னடா அழுக்கு உன் மூஞ்சில? சாக்கடைலயா விழுந்து எந்திரிச்ச?" என்று அம்மா கத்துவாள். நான் சோப்பு நுரைக்குள்ளிருந்து, "ஆண்டவருக்காகம்மா" என்பேன்.

நாலாம் நாள் முகம் சிவந்தது. ஆறாம் நாள் தோல் அப்பளம் மாதிரி உதிர ஆரம்பித்தது. சிரித்தால் கன்னம் வலித்தது, கொட்டாவி விட்டால் நெற்றி வலித்தது. மருந்து வேலை செய்கிறது என்று முடிவு செய்து இன்னும் இரண்டு பட்டாணி கூட்டினேன். வீட்டில் டவல்கள், தலையணை உறைகள் எல்லாம் அங்கங்கே திட்டுத்திட்டாக வெளுக்க ஆரம்பித்தன. டாக்டர் சொன்னது அம்மாவுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. அவள் சோப்புத்தூளை இரண்டு தடவை மாற்றினாள், மூன்றாம் தடவை கடைக்காரரோடு சண்டைக்கே போய்விட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

இங்கே என் அக்கா ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், எம்.ஜி. ரோடு பக்கம் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். நாடகத்தில் அவள்தான் வெரோணிக்கா. ஆறாம் ஸ்தலத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து இயேசுவின் முகத்தைத் துடைப்பாளே, அந்தப் பெண். துடைத்த துணியில் ஆண்டவரின் முகம் அப்படியே பதிந்துவிடும். அதைக் காட்ட லூர்து அங்கிள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். வெரோணிக்கா தலையில் போட்டிருக்கும் துணி இரட்டைத் துணி. வெளிப்பக்கம் கருநீலம். உள்பக்கம் வெள்ளை, அதில் போர்டு எழுதும் பெயின்டரை வைத்து இயேசுவின் முகத்தை வரைந்து வைத்திருந்தார். கருநீலப் பக்கத்தால் முகத்தை லேசாக ஒத்தி எடுக்க வேண்டும், சட்டென்று திருப்பி வெள்ளைப் பக்கத்தைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். "ஒத்தி எடும்மா, தேய்க்கக் கூடாது" என்று ஒத்திகையில் நூறு தடவை சொல்லியிருந்தார்.

அந்த ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை, அக்காவைப் பெண் பார்க்கப் பிரேசர் டவுனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்கென்று அவளுடைய சிநேகிதி ஒருத்தி துபாயிலிருந்து ஒரு ட்யூப் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். ஃபவுண்டேஷன் க்ரீம். அதைப் பூசினால் முகத்தில் இருக்கும் எதுவும் வெளியே தெரியாது என்று அவள் சொன்னதை அடுத்த அறையிலிருந்து நான் என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். அக்கா அதைப் பீரோவில் ஞாயிற்றுக்கிழமைப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். பூசவே மாட்டாள். சில நாள் சாயங்காலம் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வைத்துவிடுவாள். ரோஜாவும் புதுப் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

பெரிய வெள்ளி மத்தியானம் ஒரு மணிக்குக் கண்ணாடி பார்த்தேன். கணக்கு தப்பிவிட்டது என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. பருக்கள் இருந்தன. அவற்றைச் சுற்றி இருந்த நல்ல தோல்தான் உரிந்து போயிருந்தது. மூக்கு நுனியில் புதிதாக ஒன்று, அன்று காலையில்தான் குடிவந்தது, சிவப்பாக மினுமினுத்தது. தங்கவயல் சித்தப்பா குடும்பத்தோடு வந்து இறங்கியாயிற்று. கிளமெண்ட் வாசலில் இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டுப் போனான். இன்னும் ஒரு மணி நேரத்தில் நான் மறுபடியும் ஏணி! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா வேஷம் கட்ட முன்னாலேயே போய்விட்டாள். வீட்டில் யாரும் இல்லை. பீரோவில் சாவி தொங்கியது.

கடைசி நேரத்திலாவது ஏதாவது அதிசயம் நடக்கட்டும் என்று முதலில் மிச்சமிருந்த ஜெல் முழுவதையும் முகத்தில் அப்பினேன். அதன் மேல் அக்காவின் க்ரீம். ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன், ஒரு பரு காணாமல் போயிற்று! இன்னொரு சொட்டு, இன்னொன்று! எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. கொஞ்சம்தான் எடுப்பதாக இருந்தேன். ஆனால் என் மக்கள்தொகைக்குக் கொஞ்சம் எங்கே போதும்? கடைசியில் ட்யூபை வாலிலிருந்து சுருட்டி, சப்பாத்திக் கட்டையால் ஒரு தேய் தேய்த்து மிச்சத்தையும் எடுத்துவிட்டேன். க்ரீம் எங்கள் வீட்டு நிறத்துக்கு நாலு படி வெளுப்பு. கண்ணாடியில் சாட்சாத் காலண்டர் படமே நின்றது.

இரண்டு மணிக்கு லூர்து அங்கிள் என் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஆகா! படத்துல இருக்கற மாதிரியே இருக்கடா! தவக்காலம்னா இப்படி இருக்கணும். உண்மையா ஜெபம் பண்ணியிருக்கான் பையன்!"

காதில் மாட்டும் தாடியை மாட்டிவிட்டார், முள்முடியை வைத்தார். கிளமெண்ட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாட்டைக் கயிற்றை எடுத்தான். நான் பாஸ்!

ஏப்ரல் மாத வெயில். தோளில் சிலுவை, அது எங்கள் தெருக் கார்பென்டர் பக்தியோடு செய்தது, அதாவது நிஜமான கனம். சைக்கிள் கடை முன்னால் விழுந்து எழுந்தபோதே நெற்றியிலிருந்து ஏதோ வழிவது தெரிந்தது. வேர்வை என்று கூட்டம் நினைத்தது. அது வேர்வைதான், ஆனால் தனியாக வரவில்லை. ஜெல்லும் க்ரீமும் சேர்ந்து கூழாகிப் புருவத்தில் தங்கி நின்றன. நான் தலையை அசைக்காமல், முடிந்தவரை தெய்வீகமாக நடந்தேன். அதுவே பார்ப்பவர்களுக்கு உருக்கமாக இருந்திருக்க வேண்டும். என் சித்தி தேம்புவது எனக்கே கேட்டது.

ஆறாம் ஸ்தலம் மளிகைக் கடை மூலையில். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஒத்திகையில் பார்த்ததைவிட நன்றாகவே ஓடினாள். முழங்கால் போட்டாள், தலைத் துணியை எடுத்தாள், கருநீலப் பக்கத்தைக் கையில் விரித்து, சிலுவையோடு குனிந்திருந்த என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அங்கே நின்றுவிட்டாள். மூக்கு இரண்டு தடவை விடைத்தது.

"டேய்" என்றாள் உதடு அசையாமல். "இது என்ன வாசன?"

"அப்புறம் சொல்றேன்க்கா. துடை."

"என் க்ரீமா?"

"துடைக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"என் க்ரீமாடா?"

"கொஞ்சம்தான்க்கா."

"ட்யூப்ல மீதி இருக்கா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு, அந்த முடியை வைத்துக்கொண்டு, முன்னூறு பேர் பார்க்கும்போது பொய் சொல்ல மனசு வரவில்லை.

"இல்ல" என்றேன்.

அக்காவின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. நாடகத்துக் கண்ணீர் இல்லை, அசல். அப்புறம் துடைத்தாள். ஒத்தி எடுக்கவில்லை. அடிப்பிடித்த குக்கரைத் தேங்காய் நாரால் தேய்ப்பாளே, அந்தத் தேய்ப்பு. நெற்றியில் ஒரு இழுப்பு, இரண்டு கன்னத்திலும் இரண்டு இழுப்பு, மூக்கைப் பிடித்து ஒரு திருகு. மூக்கு நுனியில் அன்று காலை குடிவந்தது அங்கேயே உயிரை விட்டது. நான் சிலுவையோடு சேர்ந்து துள்ளி, "ஐயோ அம்மா" என்று அலறினேன். (வசனத்தில் அது இல்லை.)

அக்கா எழுந்தாள். அழுதுகொண்டே கூட்டத்தைப் பார்த்துத் துணியைத் தூக்கிப் பிடித்தாள். இருந்த கோபத்தில் திருப்ப மறந்துவிட்டாள். வெள்ளைப் பக்கத்துப் பெயின்ட் முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க, கருநீலப் பக்கம் கூட்டத்தைப் பார்த்தது. அதில் வெளிறிய க்ரீமில் ஒரு நெற்றி, இரண்டு கன்னம், நடுவில் ஒரு மூக்கு. அப்படியே நான்!

முன்வரிசையில் ஓர் அம்மா, "ஆண்டவரே!" என்று கூவிக்கொண்டு தொப்பென்று முழங்கால் போட்டார். பின்னாலேயே எல்லோரும் போட்டார்கள். ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஆட்டோவிலிருந்து டிரைவர்கூட இறங்கி நின்றார். தான் பெயின்டரிடம் வாங்கிய முகம் இது இல்லையே என்று லூர்து அங்கிள் மைக்கும் கையுமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அடுத்தபடி எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். துணியில் போனது போக என் முகத்தில் மிச்சம் இருந்தது எது? பருக்கள். உரிந்த தோல். மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவு நாள் நான் எதை மறைக்கப் பாடுபட்டேனோ, அது மொத்தமும் நடுத்தெருவில், வெயிலில். முடிந்தது கதை, அங்கியைக் கழற்ற வேண்டியதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயோ, எப்படி அடிச்சிருக்கானுங்க பாரு! ஒரு இடம் பாக்கி இல்லயே!" என்று ஒரு குரல் கேட்டது.

"மூஞ்சியெல்லாம் காயம்டீ! பெத்தவ பாத்தா தாங்குவாளா!"

கண்ணைத் திறந்தேன். பெண்கள் எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த நேரம் பார்த்துக் கிளமெண்ட், தன் வேஷப்படி, சாட்டைக் கயிற்றை என் மேல் ஓங்கினான். ஒரு பெரியம்மா பாய்ந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "போதும் நிறுத்துடா பாவி! இன்னும் என்னடா இருக்கு அந்தப் புள்ள மூஞ்சில அடிக்க?" கிளமெண்ட் அதற்கப்புறம் பதினாலாம் ஸ்தலம் வரைக்கும் கயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டுதான் வந்தான்.

ஏழாம் ஸ்தலத்தில் நான் இரண்டாம் தடவை விழுந்து கிடந்தபோது லூர்து அங்கிள் காதருகில் குனிந்தார்.

"மேக்கப் யார்டா?"

"நான்தான் அங்கிள்."

"மேல ஒரு கோட்டு பூச்சு, உள்ள காயம். துடைச்சா வெளிய வருது. இருபது வருஷமா எனக்குத் தோணலையேடா!" என்று சொல்லி, என் கன்னத்தில் ஒரு காயத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் "ஸ்ஸ்" என்றேன். அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்ஷன்காரர் அல்லவா, நொடியில் புரிந்துகொண்டார். நிமிர்ந்து மைக்கில் அடுத்த ஜெபத்தை ஆரம்பித்தார்.

சனிக்கிழமை அம்மா அந்தத் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். க்ரீம் எல்லாம் போய்விட்டது. ஆனால் காயக்காய, கருநீலத்தில் வெளேரென்று ஒரு நெற்றி, இரண்டு கன்னம், ஒரு மூக்கு எழும்பி வந்தன. அம்மா உடனே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். ஜெயம்மா ஆன்ட்டி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் கட்டிலுக்கு அடியில் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா நிதானமாக உள்ளே போய் என் தலையணை உறையையும் டவலையும் எடுத்துவந்து துணிக்குப் பக்கத்தில் பிடித்தாள். எல்லாவற்றிலும் அதே வெளுப்பு, அதே திட்டு.

"அப்ப இதுலயும் காட்சி குடுத்திருக்காராம்மா?" என்றாள்.

அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு என்னைத் தேடினாள். அதற்குமேல் நடந்ததை எழுதுவதற்கில்லை.

திங்கட்கிழமை மாப்பிள்ளை வந்தார். அக்கா எந்தப் பூச்சும் இல்லாமல், அவள் முகத்தோடு வந்து காபி கொடுத்தாள். நான் மூலையில் ஒண்டிக்கொண்டேன். என் ஒருத்தனால் அவளுக்கு இந்த இடம் தட்டிப் போய்விட்டால்? அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "வெள்ளிக்கிழமை நானும் அந்தக் கூட்டத்துல இருந்தேங்க. எப்படிங்க அப்படி அழுதீங்க?" என்பது. அக்கா மூலையில் நின்ற என்னைக் கைகாட்டி நடந்ததைச் சொன்னாள், ட்யூபைச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்தது உட்பட. அவர் சிரித்த சிரிப்பில் காபி சட்டையில் கொட்டியது. அன்றிலிருந்து அவர் எனக்கு மாமா. இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வார், சேவல் கூவுவதையும் சேர்த்து.

நான் அதற்கப்புறம்தான் டாக்டரம்மா சொன்னபடி செய்தேன். வேறு வழியில்லை, அம்மா பட்டாணி அளவை ஒரு நிஜப் பட்டாணியைப் பக்கத்தில் வைத்து அளந்து கொடுத்தாள். இரண்டு தடவை கழுவினேன், கிள்ளவில்லை. சரியாக எட்டு வாரத்தில் புதுப் பருக்கள் வருவது நின்றது. வருஷக் கடைசியில் என் முகம் உரித்த முட்டை.

அடுத்த சாம்பல் புதன். லூர்து அங்கிள் என்னை வெளிச்சத்தில் நிறுத்தினார். நான் பெருமையோடு கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"என்னடா இது? எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு அங்கிள். டாக்டர் சொன்னதக் கேட்டேன்."

"இப்ப யார்டா உன்ன டாக்டர் சொல்றதக் கேக்கச் சொன்னது?" என்று சலித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். பின்வரிசையில் கிளமெண்ட் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்த வருஷம்தான் அவனுக்கு முளைத்திருந்தது, என்னைவிட ஜோராக. "கிளமெண்ட், இப்படி வாப்பா வெளிச்சத்துக்கு" என்றார் அங்கிள் ஆசையோடு. நான் மறுபடியும் சுவருக்குப் பின்னால் போய்க் கூவினேன்.

அந்தக் கருநீலத் துணி இப்போது அக்கா வீட்டுப் பீரோவில், ஞாயிற்றுக்கிழமைப் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. எனக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டார் போட்டோ கேட்டார்கள். மாமா அந்தத் துணியை மடித்துக் கவரில் போட்டுக் கதையையும் எழுதி அனுப்பிவிட்டார். (போட்டோவும் ஒன்று வைத்திருந்தார், அந்த அளவுக்கு நல்லவர்தான்.)

கல்யாணமான மறுநாள் காலை முகம் கழுவிவிட்டு வந்து டவலுக்குக் கை நீட்டினேன். மனைவி டவலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பழகி ஒரு நாள்கூட ஆகவில்லை, என்ன கோபமோ என்று பயந்து போனேன்.

"புது டவல்" என்றாள். "ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. உங்க மூஞ்சி பட்ட இடத்துல ஒட்டிக்கும்னு அக்கா சொல்லி அனுப்பிச்சிருக்காங்க."

இன்றைக்கும் என் கைக்கு வருவது பழைய டவல்தான். புதுசு எல்லாம் விருந்தாளிகளுக்கு.